கோட்டுக்குக் கீழே ஒரு சம்பளம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டிய அன்றே, நாற்பத்தோரு பேருடைய கடைசிக் கணக்கைப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. சம்பளப் பிரிவில் நான்தான் சின்னவள். பட்டியலில் பதினேழாவது ஆள் என் தாய்மாமா. வெட்டு மிஷின் ஆபரேட்டர், பத்தொன்பது வருட சர்வீஸ்.

மாமாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வேலை போவதற்காகக் கொடுக்கும் இழப்பீட்டில் வீட்டுக் கடனை மொத்தமாக அடைத்து, பத்திரத்தை வங்கியிலிருந்து வாங்கிவிட வேண்டும். போட்டுப் பார்த்தேன். இந்த வருடச் சம்பளத்தோடு இழப்பீடும் சேர்ந்தால் வரி நன்றாகவே கையைக் கடித்தது, கடன் அடையாது. கடைசி நாளை ஒன்பது நாள் தள்ளினால் புது வரி ஆண்டு பிறந்துவிடும். அந்த ஆண்டில் சம்பளமே இருக்காது, இழப்பீடு மட்டும்தான். கடன் அடைந்து கொஞ்சம் மிஞ்சும். மிஷின்களைக் கழற்றும்போது ஆள் வேண்டுமென்று மேலாளரும் சரி என்றார்.

மாமாவுக்குப் புரிய வேண்டுமே என்று ஒரு தாளில் கோடு போட்டேன். கோடு வரைக்கும் உள்ள வருட வருமானத்துக்கு வரி நூற்றுக்குப் பத்து. கோட்டுக்கு மேலே போகும் தொகைக்கு நூற்றுக்கு முப்பது. உங்கள் இழப்பீடு கோட்டுக்கு நன்றாகக் கீழே நிற்கிறது என்றேன். மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஒன்பது நாளில் ஆறாம் நாள், தன் பெட்டி ஷெட்டுக்காக வெட்டு மிஷினை வாங்கியவர் வந்தார். அவர் கூட்டி வந்த பையன்கள் ஓட்டியபோது பெட்டியின் ஒரு மூலை மட்டும் பிய்ந்தே வந்தது. மாமா மெல்லிய காகிதத் துண்டுகளைக் கிழித்து, அந்த மூலையும் சரியாக அழுந்தும்படி வெட்டும் தகட்டுக்கு அடியில் ஒட்டினார். அடுத்த பெட்டி கத்தியால் கீறியதுபோல வந்தது. மிஷினோடு நீங்களும் வந்துவிடுங்கள் என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். சம்பளமும் ஏறக்குறைய பழைய சம்பளம்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனால் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு உலகத்துல எல்லாரும் சம்பளத்தைக் கூட்டிக் கேப்பாங்க. உங்க மாமா குறைச்சுக் கேட்டுட்டு வந்திருக்காரு."

மாமா நிதானமாகத்தான் சொன்னார். "மூணுல ஒரு பங்கைக் குறைச்சுக்குங்கன்னு நானே சொன்னேன், பாப்பா. இழப்பீட்டோட இந்தச் சம்பளமும் சேந்து கோட்டைத் தாண்டிட்டா, மொத்தத்துக்கும் முப்பது போட்டுடுவாங்க. அப்புறம் எங்கேருந்து வீடு?"

தாண்டின பகுதிக்கு மட்டும்தான் முப்பது, கீழே இருப்பது அப்படியே இருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அத்தைக்கு ஒரே தடவையில் விளங்கிவிட்டது. முப்பது காசு வரிக்குப் பயந்து நூறு காசை விட்டிருக்கிறார், அவ்வளவுதானே என்றாள். மாமா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. வாசல் காவலாளி சொன்னாராம், அவருடைய சகலை ஒருவர் இப்படித்தான் வேலைக்குப் போய், வந்த பணத்தையெல்லாம் வரிக்குக் கட்டினார் என்று.

"நீ நேத்து வேலைக்குச் சேந்தவ. அவரு முப்பது வருஷமா கம்பெனியில இருக்காரு."

"வாசல்லதானே இருக்காரு," என்றாள் அத்தை.

மாமா காட்டிய வேலைக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். குறைத்த சம்பளம் இருந்தது, எத்தனை நாளைக்கு என்று இல்லை. ஒரு வருடத்துக்காக விட்ட பணம் அவர் ஓய்வுபெறும்வரை போய்க்கொண்டே இருக்கும். இனி வரியை விளக்கி லாபமில்லை என்று தோன்றியது.

"சரி மாமா, நீங்க சொல்றதே சரின்னு வெச்சுக்குவோம். அடுத்த வருஷமும் இழப்பீடு தருவாங்களா?"

"அது ஒரு தடவைதானே."

"அப்போ அடுத்த வருஷம் முழுச் சம்பளம் வாங்கினா கோட்டைத் தாண்டுவீங்களா?"

மாமா சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். தாண்டாதுதான் என்றார்.

மிஷின் இடம் மாறியது. கடைசி நாள் முடிந்த மறுநாள் காலை கடிதத்தைத் திருத்தித் தரக் கேட்க நானும் மாமாவோடு புது ஷெட்டுக்குப் போனேன். திருத்தித் தருவார் என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை, மாமா வாயைத் திறக்காமல் திரும்பிவிடுவாரோ என்ற பயம்தான். முதலாளி கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் கேட்டதைத்தானே எழுதினேன், கையெழுத்தும் ஆகிவிட்டதே என்றார்.

"நான் கேட்டது இந்த வருஷத்துக்குங்க," என்றார் மாமா. சொல்லிவிட்டு அட்டைக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இடம் மாறியதில் தகடு அசைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் மூலை பிய்ந்து வந்து கீழே குவிந்தது. பையன்கள் முதலாளியைப் பார்த்தார்கள், முதலாளி மாமாவைப் பார்த்தார். மதியம் லோடு போக வேண்டுமாம். முதலாளி பேனாவை எடுத்து, அடுத்த வரி ஆண்டிலிருந்து முதலில் பேசிய சம்பளம் என்று கடிதத்தின் அடியில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மாமா அதை என்னிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

அந்த வாரமே இழப்பீடு வந்தது, கடன் அடைந்தது, பத்திரம் வீட்டுக்கு வந்தது. அந்த ஒரு வருடத்தில் மாமாவுக்குக் கைநழுவப்போவது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். அத்தையிடம் மட்டும் சொன்னேன். போகட்டும் விடு, நிம்மதியாகத் தூங்குகிறார் என்றாள்.

மூடும் வேலைகள் பாக்கி இருந்ததால் எனக்கு இன்னும் ஒரு மாதம் அலுவலகம் இருந்தது. திங்கட்கிழமை, மாமாவைப் போலவே மிஷின் கழற்ற நின்றிருந்த மூன்று பேர் என் மேசைக்கு வந்தார்கள், மூவருக்கும் வேறு இடத்தில் வேலை கிடைத்திருந்தது.

"சம்பளத்தை எவ்ளோ குறைக்கச் சொல்லணும்னு கொஞ்சம் போட்டுக் குடும்மா. உங்க மாமாதான் அனுப்பினாரு."

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்று கேட்டேன். இரண்டு பேர் இன்னும் போடவில்லை. அவர்களை முதலில் உட்காரச் சொன்னேன்.