ஷேர் ஆட்டோவில் கோபால்ட்

சௌமியா வளர்த்த கோபால்ட் படிகம் இரண்டு குப்பிகளில் இருந்தது. மூலக்கூறு ஒன்றேதான், ஆனால் வெயிலில் காய்ந்த குப்பியில் காந்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

"காய்ஞ்சா காந்தம் எப்பிடிம்மா கொறையும்? குப்பிய மாத்திட்ட. சைன் போடமாட்டேன்," என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஜெயமணி. நீட்டிய படிக வரைபடத்தை அவர் பார்க்கவும் இல்லை. ஆய்வறிக்கையில் கையெழுத்து இல்லாவிட்டால் சௌமியாவுக்கு ஒரு வருடம் வீண்.

மாலையில் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். ஆளுக்கு ஆள் நடுவே பைகள் இருந்ததால் எல்லோரும் இடைவெளி விட்டு நிமிர்ந்து உட்கார முடிந்தது. சிப்காட் வாசலில் ஷிப்ட் முடிந்த இருவர் ஏறினார்கள்.

"பையெல்லாம் பின்னாடி போடுங்க! ஒருத்தர் முன்னால குனிங்க, ஒருத்தர் பின்னால சாயுங்க. சொல்ப அட்ஜஸ்ட் மாடி, மேடம்!" என்றார் ஓட்டுநர், கன்னடம் கலந்து.

சௌமியா முன்னால் குனிந்தாள். ஜெயமணி பின்னால் ஒடுங்கினார்.

"மேடம், படிகத்துக்குள்ள மூலக்கூறுக்கு நடுவுல இருந்த மெத்தனால்தான் அந்தப் பைங்க." என்றாள் சௌமியா. " வெயில்ல அது பறந்துடுச்சு. மூலக்கூறெல்லாம் நெருங்கி, இப்பிடியே ஒண்ணுவிட்டு ஒண்ணு எதிரெதிரா திரும்பிடுச்சு. ஒண்ணோட காந்தத்த இன்னொண்ணு கொறைச்சுடுது."

யாருடைய டிபன் கேரியரோ விலாவில் குத்த, ஜெயமணி நெளிந்து கையை நீட்டினார்.

"அந்த வரைபடத்தக் குடு."

பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"பேனா?"

"இருக்கு மேடம். ஆனா வெச்சு எழுத எடமில்லயே?"

"நீ நிமிராத," என்று அவள் முதுகிலேயே ஆய்வறிக்கைத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.