அனந்தலக்ஷ்மி வீட்டுக்கு வந்த நாற்காலிகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் செர்லாய் பக்கம் அனந்தலக்ஷ்மியின் வீட்டில் யார் வைத்திய யோசனை சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் அது நாற்காலியாகி நின்றது. முதலாவது, கர்க்கடக மாதத்தில், நம் ஆடியில், ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிச் சாயாவுக்கு அடுப்பில் பால் வைத்திருந்தபோது வந்தது. ஈட்டி மரம், கைப்பிடி இரண்டிலும் சிங்க முகம், கதவு உயரத்துக்கு முதுகு. யோசனை சொன்னவள் பாக்கியலக்ஷ்மி, அதாவது நாத்தனார், பாலக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வைட்டிலா ஸ்டாண்டில் வந்து இறங்கியவள். "கீமோ வேண்டவே வேண்டாம்டீ அனந்தம், உள்ளெல்லாம் வெந்து போயிடுமாக்கும். கல்பாத்தியில ஒரு வைத்தியர் இருக்கார்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினாள், நாற்காலி நின்றது. இதை அவள்தான் கொண்டுவந்தாள் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். "ஏன், பஸ்ஸில மடியில வச்சுண்டு வந்தேனோ?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். கோபம் தணிந்ததும் அதிலேயே உட்கார்ந்து சாயா குடித்தாள். அளவு எடுத்துச் செய்ததுபோல் அவளுக்குப் பொருந்தியிருந்தது.

விஷயம் என்னவென்றால், அனந்தலக்ஷ்மி இடது மார்பில் புற்றுக்கட்டி வந்து, ஆபரேஷன் ஆகி, வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நல்ல குள்ளம், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தரைக்கு எட்டாமல் தொங்கும், அந்தக் காலை ஆட்டிக்கொண்டே அவள் போடாத கணக்கு கிடையாது. கட்டியை முழுசாக எடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நேர்மையான மனிதர், பாவம். "கீமோ போட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு இன்னும் கொஞ்சம் குறையும், கொஞ்சம்தான். மாத்திரை மட்டும் போதும் என்று இருந்தாலும் தப்பில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டும் சரி. நன்றாக யோசித்து நீங்களே சொல்லுங்கள், ரொம்ப நாள் தள்ள வேண்டாம்" என்றார். இதைக் கேட்டதும் அவள் கணவர் பிச்சுமணிக்குக் கை கால் ஓடவில்லை. யூதர் தெருவான ஜூ டவுனில் மசாலாக் கிடங்கில் மிளகுக்குத் தரம் சொல்லுகிறவர் அவர். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் போதும், மறு பேச்சில்லாமல் சொல்லிவிடுவார். அந்த மனிதர் வீட்டுக்குக் குடை வாங்குவதென்றால் நாலு பேரைக் கேட்காமல் வாங்கமாட்டார். இந்தத் தடவை நாலு பேரோடு நிற்கவில்லை. கிடங்கில் கேட்டார், படகுத்துறையில் கேட்டார், முடிவெட்டிக்கொண்டே கேட்டார். கேட்டவர்கள் எல்லோரும், மரியாதை தெரிந்தவர்கள், நேரில் வந்து சொன்னார்கள்.

ஆகவே நாற்காலிகள் வந்தன. டொராண்டோவிலிருந்து மகன் சங்கர்ராம் வீடியோவில், "அம்மா, மூணு ஸ்டடி அனுப்பியிருக்கேன், படிச்சேளா?" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசியதில் சுழல் நாற்காலி ஒன்று வந்தது, சக்கரம் வைத்தது, யாரும் தொடாமலே கூடத்துக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். பிச்சுமணியின் சித்தப்பா பிள்ளை வெங்கிடேஷ், பாங்கு அதிகாரி, போடலாம் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம் என்றான். அவனுக்குச் சாய்ந்தாடும் நாற்காலி. பள்ளிக்கூடத்தில் அனந்தலக்ஷ்மியோடு வேலைபார்க்கும் ஸாதனா டீச்சர் தன் அத்தைக்கும் இதே நோய் வந்த கதையை ஆர்வமாக ஆரம்பித்தாள். பாதிக் கதையில்தான் அத்தை செத்துப்போனது ஞாபகம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவில் பிரம்பு பின்னாத வெறும் சட்டம் வந்து நின்றது. பின்கட்டில் குடியிருக்கும் உசிலம்பட்டி ஒச்சப்பன், எர்ணாகுளம் பிராட்வேயில் காய்கறி விற்கிறவன், "அக்கா, பப்பாளி எலைய அரைச்சுக் குடிங்க, எங்கூர்ல ஒருத்தரு எந்திரிச்சு நடந்துட்டாரு" என்றான். அவனுக்கு வந்தது பிளாஸ்டிக் நாற்காலி. எல்லோருக்கும் மரம், தனக்கு மட்டும் பிளாஸ்டிக்கா என்று அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. விடுவானா, முள்ளு சீத்தாப்பழத்தையும் சொன்னான். இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து முதலாவதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த வீட்டில் இடத்தை அடைக்காத யோசனை ஒச்சப்பனுடையது மட்டும்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

ஓணம் நெருங்கியபோது கூடம் போய், ரேழி போய், படுக்கையறைக்குள்ளும் நாற்காலி வந்துவிட்டது. தெருவில் கொண்டு வைத்தால் சாயங்காலக் காப்பிக்குத் திரும்பி வந்துவிடும். பாக்கியலக்ஷ்மியின் சிங்க நாற்காலியை மட்டும் ஜூ டவுனில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ரமேஷ்பாபு ஆசைப்பட்டு எடுத்துப்போனான். கடை நடுவில் வைத்து, ராஜ குடும்பத்து நாற்காலி என்று கூசாமல் சொன்னான். பிரான்சிலிருந்து வந்த ஒரு பெண்மணி அதில் உட்கார்ந்து பார்த்தாள். உட்கார்ந்தவள் நல்ல பாலக்காட்டுத் தமிழில், "கீமோ வேண்டவே வேண்டாம்டீ, உள்ளெல்லாம் வெந்து போயிடுமாக்கும்" என்றாள். கல்பாத்தி வைத்தியரின் விலாசத்தையும் சொன்னாள். எழுந்ததும் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அன்றே ரமேஷ்பாபு நாற்காலியைத் தள்ளுவண்டியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு நாற்காலி வாடிக்கையாளர் வாயால் பேசுவது வியாபாரத்துக்கு ஆகாது என்று வருத்தமாகச் சொல்லிப் போனான். அப்போதுதான் அனந்தலக்ஷ்மி தன் வீட்டில் ஏன் எங்கேயும் உட்கார முடியவில்லை என்று புரிந்துகொண்டாள். எதில் உட்கார்ந்தாலும் அந்த நாற்காலிக்காரருடைய பேச்சு அவள் வாயில் வந்தது. கால் வேறு தொங்கியது. அவள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடத் தொடங்கினாள், தையல் பிரித்த இடம் வலிக்க வலிக்க.

சாமி விஷயத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. எதிர்வீட்டு சிசிலி சேச்சி வந்தாள். கூடத்தில் கால் வைக்க இடமில்லாததால் நாற்காலிகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து, அடுப்படிக்கு வந்து, அனந்தலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். "மோளே, ஞான் கூனன் குரிசுபள்ளியில் மெழுகுதிரி வைக்காம்" என்று, தன் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நாற்காலி எதுவும் வரவில்லை. சுழல் நாற்காலி மட்டும் கொஞ்சம் நகர்ந்து, கட்டிலுக்குப் போக வழி விட்டிருந்தது. அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். பிச்சுமணி பகவதி கோயிலுக்கு ஓடி, கீமோவா மாத்திரையா என்று பூ போட்டுப் பார்க்கச் சொன்னார். குருக்கள் வெங்கிட்டு கையைத் துடைத்துக்கொண்டு, "இதையெல்லாம் அம்பாளண்டை கேக்கப்படாது ஓய், தைரியத்தைக் கேளும்" என்று மட்டும் சொன்னார். பிச்சுமணி அதை வீட்டில் வந்து சொன்னார். சிறிய யோசனையல்லவா, கால் வைத்துக்கொள்ளும் மணை ஒன்று வந்தது.

டாக்டரின் நர்ஸ் போன் செய்து, இனிமேல் தள்ளினால் கீமோ போட்டும் பிரயோஜனம் குறைந்துவிடும், திங்கட்கிழமை எப்படியும் தீர்மானம் சொல்ல வேண்டும் என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். வேறு இடமில்லை. "ஊர்ல எல்லாரண்டையும் கேட்டேள். நீங்க என்ன சொல்றேள்?" என்றாள் அனந்தலக்ஷ்மி. பிச்சுமணி பாத்திரம் கழுவும் தொட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மிளகு கடித்த வாய் காய்ந்துபோயிருந்தது. "நேக்கு ஒண்ணும் தெரியலை அனந்தம். பயமா இருக்கு. நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்னு மாத்திரம்தான் தோணறது" என்றார். சொல்லிவிட்டு இருவரும் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் வந்திருக்கவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதோ, "நோக்கு என்ன தோணறது, நீ சொல்லேன்" என்று கேட்டார். இத்தனை பேர் வந்து போன வீட்டில் அவளிடம் இதை யாரும் கேட்டிருக்கவில்லை, அவளுமே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். பிறகு, கரும்பலகை முன்னால் நிற்பவள்போல் நிதானமாகச் சொன்னாள். "மருந்துக்கும் பயப்படறேன், மருந்து இல்லாம இருக்கவும் பயப்படறேன். மருந்தோட பயம் நாலு மாசம், மார்கழித் திருவாதிரைக்குள்ள தீர்ந்துடும். மத்தது தீராது. தீர்ற பயத்தை எடுத்துக்கறேன். போட்டுக்கறேன்."

அடுப்படி வாசலில் நாற்காலி வந்து நின்றது. பலா மரம், கைப்பிடி கிடையாது, வேலைப்பாடு கிடையாது, உயரமும் கிடையாது. அனந்தலக்ஷ்மி போய் உட்கார்ந்தாள். கால் தரையில் பட்டது. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பட்டது அதுதான் முதல் தடவை. பிச்சுமணி தோள் துண்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை, இரண்டு பாதத்தையும் தரையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரமேஷ்பாபு எதற்கோ வந்தவன், மறதியில் சிங்க நாற்காலியில் உட்கார்ந்து, "முதுகுக்கு நல்ல சுகம்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து பார்த்ததில் மற்ற நாற்காலிகளும் வாயடைத்து, வெறும் நாற்காலிகளாகியிருந்தன. கீமோ ஏற்றும் வார்டுக்கு வெளியே, கூட வந்தவர்கள் காலையிலிருந்து சுவரோரம் நிற்பதை முதல் தடவை போனபோதே அனந்தலக்ஷ்மி பார்த்துவிட்டாள். அடுத்த தடவை ஒச்சப்பன் காய்கறி டெம்போவைக் கொண்டுவந்தான். அத்தனையையும் ஏற்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் இறக்கினார்கள். தன் பிளாஸ்டிக் இரண்டையும் அவனே தலையில் வைத்துச் சுமந்து கொண்டுபோய், எல்லோருக்கும் தெரியும்படி முன்வரிசையில் போட்டான். ஸாதனா டீச்சரின் சட்டத்துக்கு யாரோ நைலான் கயிறு பின்னினார்கள். பாக்கியலக்ஷ்மி ஒவ்வொரு தடவையும் பாலக்காட்டிலிருந்து துணைக்கு வந்து, சிங்க நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சார ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். முடி கொட்டியது, வாய் புண்ணாயிற்று, விரல் நுனி மரத்தது, திருவாதிரைக் களி ருசிக்கவில்லை. ஆனால் சொன்னபடி திருவாதிரைக்குள் தீர்ந்தது. மறு வருஷம் முடி சுருட்டையாக முளைத்தது. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், ஆறு மாதத்துக்கொரு தடவை டாக்டரிடம் காட்டுகிறாள்.

இப்போது செர்லாயில் யாருக்காவது இப்படி ஒரு ரிசல்ட் வந்தால் அனந்தலக்ஷ்மி பார்க்கப் போவாள். போனால் சாயா குடிப்பாள், பக்கத்தில் இருப்பாள், கேட்டாலொழிய ஒன்றும் சொல்லமாட்டாள். தான் உட்காரப் பலாமர நாற்காலியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவாள், திரும்பும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டும் வந்துவிடுவாள்.