அடக்கத்துக்கு வந்த கம்பெனி பஸ்கள்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்களும் இன்றே கொட்டட்டும்.

ஒரகடத்தில், காருக்கு ஒயர் கட்டும் ஒரு கம்பெனியில் சத்யப்பிரியாவுக்குக் காலை ஷிப்ட். டீ பிரேக்கில் போனை எடுத்தால் சொந்த ஊரான வடக்குப்பட்டிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். அவளை வளர்த்த ஏசுபாதம் பெரியப்பா விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டார், சாயங்காலம் அடக்கம். கட்டியிருந்த ஏப்ரனோடு சூபர்வைசர் மணிகண்டபிரபுவிடம் ஓடினாள்.

"சார், வூட்டுக்குப் போவணும். பெரியப்பா தவறிட்டாரு."

திருநெல்வேலிக்காரனான அவன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். "அப்பா, அம்மா, புருஷன், பிள்ளைன்னுதாம்மா போட்டிருக்கு. அங்கிளுக்கு லீவு கெடையாதுல்லா. ஆளும் கொறவு."

"அங்கிளா? யாரு சார் அங்கிள்?" அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அந்த மனிதரை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "பெத்தவன் எங்கள வுட்டுட்டு ஓடிப்போனான் சார். அவன் செத்தா லீவு குடுப்பீங்க, தூக்கி வளத்தவருக்குக் கெடையாதா? இன்னா சார் நாயம் இது?"

"கத்தாதம்மா, லைன் நின்னுரும்."

"நிக்கட்டும்!"

அங்கேயே நின்று பெரியப்பாவின் வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்தாள். கோபத்தில் சொன்னதால் ஷெட் முழுக்கக் கேட்டது. கோயிலில் முன்பெஞ்சு அவருக்கு. பாஸ்டர் பிரசங்கத்தை இழுத்தால் நடுவிலேயே ஆமென் சொல்லிப் பாட்டை எடுத்துவிடுவார். பாஸ்டரும் கூடப் பாட வேண்டியதுதான். வெள்ளம் வந்த வருஷம் கோயில் பெஞ்சைக் குட்டியானை வண்டியில் ஏற்றிப்போய், முடிச்சூரில் மிதக்கவிட்டு, மொட்டைமாடியில் தவித்தவர்களை இறக்கினார். ஏறுகிறவர் ஞானப்பாட்டில் ஒரு சரணம் பாட வேண்டும். ராகம் தப்பினால் திரும்ப மாடிக்கு. பிள்ளையார் கோயில் பூசாரி ஒருவர் எல்லாச் சரணத்தையும் பிசகாமல் பாடிக் கரையேறினார். ஆயுசில் ஒரே ஒரு ஞாயிறுதான் பெரியப்பா கோயிலுக்குப் போகவில்லை.

"அன்னிக்கி எனக்கு அம்மை போட்டிருந்துது சார். பக்கத்துல குந்திகினு வேப்பிலையால விசிறிகினே இருந்தாரு. அவரு அங்கிளா?"

கன்வேயர் தானாக நின்றது. ரோபோக்கள் கையை மடக்கித் தலைகுனிந்தன. மணிகண்டபிரபு மூக்கைச் சிந்திய சிந்தலில் தீ அலாரம் அடித்தது. ஏசி ரூமிலிருந்து ஹெச்.ஆர். மேனேஜர் ஓடிவந்தார்.

"எவன்யா இந்த ரூலைப் போட்டது?"

"நீங்கதான் சார்," என்றாள் சத்யப்பிரியா.

அவர் வெட்கத்தில் கழுத்து வரை சிவந்து, இருக்கிற பஸ்ஸையெல்லாம் கிளப்பச் சொன்னார். முதல் பஸ் வடக்குப்பட்டில் நின்றபோது கடைசி பஸ் கம்பெனி கேட்டைத் தாண்டவில்லை. மேனேஜரே பெட்டிக்குத் தோள் கொடுத்தார். குழியில் மண் போட அதிகாரிகள் வரிசையில் நின்றார்கள். சத்யப்பிரியா ஆத்திரம் அடங்காமல் குழிமேட்டில் நின்று, ஒவ்வொருத்தன் கையையும் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கிள் இல்ல. பெரியப்பா. சொல்லு!"

சொன்ன பிறகுதான் மண்ணைப் போடவிட்டாள். மேனேஜர் இரண்டு தரம் சொன்னார்.

கம்பெனியே குழிமேட்டில் நின்றதால் ரெஜிஸ்டரில் எல்லாருக்கும் டியூட்டி என்றே போட்டார்கள்; சத்யப்பிரியாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை.