அரைமணி நேரம் இலவசம்

கெல்பெக் ஊரில் விவாகரத்து வழக்கு எடுக்கும் வக்கீல் அலுவலகங்கள் நான்கே நான்குதான். நான்கும் மார்க்கெட் சதுக்கத்தைச் சுற்றி, ஒன்றில் தும்மினால் இன்னொன்றில் கேட்கும் தூரத்தில் இருந்தன. அறுபத்திரண்டு வயதில் மேவிஸ் சக்டன் தனக்கென்று ஒரு வக்கீலைத் தேடிக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று இடங்களில் கையை விரித்துவிட்டார்கள்.

மரியாதையாகத்தான் விரித்தார்கள். முதல் இடத்தில் வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகமாக உட்காரச் சொல்லி, பெயர், முகவரி எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

"நார்மன் சக்டன்."

அவள் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க கேஸை நாங்க எடுக்க முடியாது."

"ஏன்?"

"ஏன்னும் நாங்க சொல்லக் கூடாது."

இரண்டாவது இடத்திலும் அதே கதை. மூன்றாவது இடத்தில் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துவிட்டு அதே கதையைச் சொன்னார்கள்.

சதுக்கத்து மூலையில் இருந்த தேநீர்க் கடையில் அவளுடைய தோழி ஐரீன் காத்திருந்தாள். ஐரீன் இரண்டு விவாகரத்து கண்டவள். இந்த விஷயத்தில் அவளுக்குத் தெரியாதது இல்லை.

"அடிப் பைத்தியமே, இதுகூடப் புரியலையா? உனக்கு முன்னாடியே அவன் போய் உக்காந்து எல்லாத்தையும் கொட்டிட்டு வந்திருக்கான். ஒருத்தன் ரகசியத்தைக் காதுல வாங்கின வக்கீல் அவன் பொண்டாட்டிக்கு வாதாட முடியாது. ஊர்ல இருக்கிற நல்ல வக்கீலையெல்லாம் இப்படியே அடைச்சுப்புடுவானுங்க. என் மச்சினனும் இதே வேலையைத்தான் பண்ணான்."

"நார்மனா? அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது."

"எல்லாரும் அப்படித்தான்டி சொல்றோம். நானும்தான் சொன்னேன், ரெண்டு தடவை."

மேவிஸ் தேநீரைக் குடிக்காமலே எழுந்தாள். வசந்த காலத்தில், சண்டை சச்சரவு இல்லாமல், "போதும் நார்மன், நான் தனியா இருக்கணும்" என்று சொன்னவள் அவள்தான். அவனும் மறுபேச்சுப் பேசாமல் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். வீட்டை விற்பது, அவனுடைய ஓய்வூதியத்தில் அவளுக்கு என்ன பங்கு என்பதெல்லாம் இனிமேல்தான் பேச வேண்டும். அதைப் பேசத் தனக்காக ஒருவர், தானே பார்த்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நான்காவது அலுவலகம் சதுக்கத்தின் மறுகோடியில். நடக்கும் வழியெல்லாம் நினைவில் நார்மன்தான் நின்றான். இப்போது செல்போன் விற்கும் கடை அன்று நகைக்கடை. 1969 ஜனவரியில் அந்த வாசலில் அவள் காத்திருக்க, அவன் உள்ளே மோதிரங்களை விசாரித்துச் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தான். எதற்கும் மூன்று இடத்திலாவது விசாரிக்காமல் வாங்க மாட்டான். மோதிரத்துக்கு ஐந்து இடம். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவனின் விரல்களில் கிரீஸ் போகாது. அந்த விரல்களால் எண்களை எழுதிவிட்டு நிமிர்ந்து, "இன்னும் ஒரே ஒரு கடை, மேவிஸ்" என்பான். அவளுக்கு மூக்கு சிவந்து கால் மரத்துப் போயிருக்கும். ஆனாலும் உலகத்தில் தன்னைப் போல் கொடுத்துவைத்தவள் இல்லை என்று அன்று நினைத்தாள். அது பொய்யில்லை.

கல்யாண கேக்குக்கு நான்கு பேக்கரி. மகள் பிறந்தபோது குழந்தைத் தள்ளுவண்டி வாங்க லீட்ஸ் நகரம் வரைக்கும் போய்வந்தான். 1974ல் ஒருநாள் அவள் கண்ணைத் துணியால் கட்டி, கைபிடித்து சேப்பல் தெருவுக்கு அழைத்துப்போய்க் கட்டை அவிழ்த்தான். எதிரே ஒரு வீடு. சாவி அவன் கையில். மேவிஸ் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் வெயிலே எட்டிப் பார்க்காது. முப்பத்தோரு வருஷமாகப் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுத்தான் பாத்திரம் கழுவினாள். அதை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. ஐந்து கடை ஏறி இறங்கி வந்தவனிடம் எந்த வாயால் குறை சொல்வது?

நான்காவது இடத்தில், கீழே பேரைச் சொன்னதும், வக்கீல் மிஸ் பிக்கர்ஸ்கில் தானே மாடிப்படி இறங்கி வந்தாள். நரைத்த முடி, நிதானமான குரல். பார்த்த உடனே மேவிஸுக்குப் பிடித்துவிட்டது. "இவள்தான்" என்று மனசு சொன்ன அதே நொடியில் மிஸ் பிக்கர்ஸ்கில் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"என்னால முடியாதும்மா. ரொம்ப வருத்தமா இருக்கு. பக்கத்து ஊரு ஆட்லி பிரிட்ஜ்ல சில பேர் இருக்காங்க, போய் விசாரிச்சுப் பாருங்க."

மேவிஸ் வீட்டுக்கு வந்தபோது நார்மன் சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நாலு பேரையும் போய்ப் பாத்தியா?"

"ஆமா." நார்மன் கத்தியைக் கீழே வைத்தான். "முதல் அரைமணி நேரம் இலவசம்னு போர்டு போட்டிருந்தான். நாலு இடமும் இலவசம்."

"எனக்கு யாரும் கிடைக்கக் கூடாதுன்னுதானே?"

அவன் விழித்தான். நடிக்கத் தெரியாத முகம் அது. முப்பத்தாறு வருஷம் பார்த்த முகம், அவளுக்குத் தெரியாதா?

"உனக்காகத்தானே போனேன்," என்றான்.

மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். மோதிரம் எழுதிய புத்தகம் இல்லை, அதற்கு எத்தனையோ தலைமுறை தள்ளி வந்த பேரன். நான்கு அலுவலகங்களும் கட்டம் போட்டு எழுதப்பட்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, பஸ் நிறுத்தத்திலிருந்து எத்தனை அடி. முதல் ஆளுக்கு நேராக, "கடிகாரத்தையே பார்க்கிறான்." இரண்டாவது, "மேவிஸை மிரட்டிவிடுவான்." மூன்றாவது, "தேநீர் நன்று. ஆள் சுமார்." பிக்கர்ஸ்கில்லுக்கு நேராக, "குறுக்கே பேசுவதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் பெரிய பங்கு மேவிஸுக்கு என்றேன். மேவிஸுக்கு இவளைப் பிடிக்கும்." அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

மேவிஸ் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போய்ப் பேசினதாலதான் நார்மன் அவங்க யாரும் என்னை எடுக்க மாட்டேங்கிறாங்க. அதுதான் சட்டமாம்."

"நான் எதிரி இல்லையேம்மா."

"சட்டத்துக்கு நீ எதிரிதான்."

அவன் காது நுனிவரை சிவந்து, ஒரு உருளைக்கிழங்கைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். தன்னை விட்டுப் போகிறவளுக்கு நல்ல வக்கீலாகப் பார்த்துக் கொடுக்க எந்த ஊரில் எவன் நான்கு இடம் ஏறி இறங்குவான்? அந்தக் கணம் அவன் தலையணையை அவளே பின்னறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். இன்னும் அவனை நேசிக்கிறாள். அதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே, நார்மன்."

"எல்லாம் முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்." அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒண்ணும் குடிமுழுகிப் போகலை. ஆட்லி பிரிட்ஜ்ல மூணு பேர் இருக்காங்க. நாளைக்கே போய்—"

"வேண்டாம்."

"சும்மா விசாரிச்சுட்டு மட்டும்—"

"நீ போகாதே, நார்மன்." அவள் அவனுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமே வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "தயவுசெஞ்சு நீ எங்கேயும் போகாதே."

மறுநாள் காலை ஒன்பது பத்து பஸ்ஸில் மேவிஸ் ஆட்லி பிரிட்ஜுக்குப் போனாள். பாதி வழி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மீதி வழியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உதட்டுக்குச் சாயம் பூசினாள். பேருந்து நிலையத்தில் இறங்கி, விலை கேட்காமல், பக்கத்துக் கடையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், முதலில் கண்ணில் பட்ட வக்கீல் பலகைக்குக் கீழே நுழைந்தாள். ரூபினா அக்தர் என்ற பெண் எழுந்து கைகொடுத்தாள். வயது முப்பதுக்கு மேல் இராது. பேச்சில் வேகம் கொஞ்சம் அதிகம். குறுக்கேயும் பேசினாள். நார்மன் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் நோட்டிலிருந்து அவள் பெயரை அடித்திருப்பான். அறையில் வெயில் தாராளமாக விழுந்தது.

"இந்தப் படிவத்தை மட்டும் எழுதிக் குடுத்துடுங்கம்மா," என்று ரூபினா ஒரு தாளை நீட்டினாள்.

பெயர், முகவரி, கல்யாண தேதி. மேவிஸ் மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. எங்களை உங்களுக்குப் பரிந்துரை செய்தவர் யார்?

பிறகு பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியேயும் போகும்படி எழுதினாள்: யாருமில்லை. நானே வந்தேன்.