சங்கிலிக்கு அந்தப் பக்கம்

"சிரிக்கிறாங்கம்மா," என்றாள் மகள்.

"சிரிக்கட்டும்," என்றாள் அம்மா. தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். மகள்தான் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

அப்பாவை அடக்கம் செய்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது. அவரோடு மரம் வெட்டியவர்கள் துக்கம் விசாரிக்க வந்து, நாற்காலிகள் போதாமல் முன்னறைத் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கனத்த பூட்ஸுகளிலிருந்து உதிர்ந்த மரத்தூள் வாசற்படியெல்லாம் கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அம்மா கூட்டித் தள்ளிய தூள்தான். இன்று கூட்டக் கை வரவில்லை.

காட்டில் அவருக்குக் கரடி என்று பெயர். கூரைக்குக் கீழே அவருக்குத் தூக்கம் பிடிக்காது. சனிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வருவார். சாப்பிட்டுவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். மழை பெய்தால் மட்டும் பாதி உடம்பைக் கதவுக்கு உள்ளே இழுத்துக்கொள்வார்.

"தலை வீட்டுல, கால் காட்டுல. இதுல எது என் பங்குன்னு சொல்லிடுங்க," என்பாள் அம்மா.

"தலைய வெச்சுக்கோ. கால் இருந்தாத்தான நான் திரும்பி வர முடியும்?"

அவள் நிஜமாகவே அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முடிக்குள் சிக்கிய தூளைப் பேன்சீப்பால் வாரி எடுப்பாள். ஞாயிறு மாலை அவர் மறுபடி மலை ஏறும்வரை வீட்டில் பிசின் மணக்கும்.

மகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் கையால் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பறவை கத்துவதைக் கேட்டு மழை வருமா என்று சொல்வார். பாதி நாள் தப்பாகப் போகும், "பறவைதான் பொய் சொல்லுது" என்பார். ஆனால் வெட்டுக்காட்டுக்கு மட்டும் அவளையும் அம்மாவையும் கூட்டிப்போனதில்லை. மலைப்பாதையின் குறுக்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒரு சங்கிலி தொங்கும். வெட்டு நடக்கிற நாளில் பெண் கால் அதைத் தாண்டினால் மரம் திசைமாறி விழுந்து ஆளைக் கொல்லும் என்பது அந்தக் கூட்டத்தின் நம்பிக்கை. தப்பித்தவறி யாராவது தாண்டிவிட்டால், அந்தக் கணமே எல்லா ரம்பங்களையும் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலைவரை தொடக் கூடாது.

முன்னறையில் மேஸ்திரி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒருதடவை காளான் பறிக்க வந்த பொம்பள ஒருத்தி வழி தெரியாம உள்ள வந்துட்டா. நம்ம கரடி அப்பத்தான் ஒரு மரத்துல ரம்பத்த வெக்கறான். உடனே கீழ போட்டுட்டு, 'வாம்மா மகராசி, உன் புண்ணியத்துல இன்னைக்கு லீவு'ன்னு கும்பிட்டான் பாருங்க. பொழுதுக்கும் சீட்டாட்டம். அதுலயும் கள்ள ஆட்டம் ஆடி என் சிகரெட்டெல்லாம் ஜெயிச்சுட்டான்."

மறுபடி சிரிப்பு. அம்மா தேநீர்த் தட்டோடு உள்ளே நுழைந்தாள். மகள் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள்.

லாரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கூட்டத்து ஆள் இல்லை. வெட்டிய மரத்தை ஏற்றிப்போகிறவர். "எனக்கு அவன் கடைசியாப் பேசினதுதான் காதுல நிக்குது," என்றார். "நான் மேல போனப்ப மத்தியானம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் தெளிவாத்தான் பேசிட்டிருந்தான்."



மரம் அப்பாமேல் விழுந்த நொடியே உயிர் போய்விட்டது என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அன்று காலை செய்தி தெருவுக்கு வந்ததும் அவளும் மகளும் சங்கிலிவரை ஓடினார்கள். அதே கூட்டத்தில் வேலை பார்த்த கொழுந்தன் மேலேயிருந்து இறங்கி வந்து, "கால்லதான் அடி அண்ணி. வண்டி வந்ததும் கூட்டிட்டு வந்துடுவோம், வீட்டுக்குப் போங்க" என்றான். அவர்கள் போகவில்லை. சாயங்காலம் உடம்புதான் வந்தது. "அப்பவே போயிட்டாரு அண்ணி. நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் பொய் சொன்னேன்" என்று அவன் அழுதான். அவள் நம்பினாள்.

இப்போது தட்டை மேஜைமேல் வைத்தாள். "என்ன பேசினாரு?" என்று கேட்டாள். கடையில் விலை கேட்பதுபோல் இருந்தது குரல்.

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று லாரிக்காரருக்கு உறைத்தது. மேஸ்திரியைப் பார்த்தார்.

"அவர எதுக்குப் பாக்கறீங்க? நான்தான கேக்கறேன்."

"இடுப்புக்குக் கீழ மரம் கிடந்துச்சும்மா. கப்பி போட்டுத்தான் தூக்கணும். கப்பி என் லாரியில இருந்துச்சு. நான் வர்ற வரைக்கும் அப்படியே…"

"தண்ணி கேட்டாரா?"

"கேட்டான். குடுத்தோம்."

"அப்புறம்?"

"உங்களக் கேட்டான். கீழ நிக்கறீங்கன்னு தம்பி சொன்னாரு. 'நிக்கறாளா, அப்ப வரச் சொல்லுங்கடா'ன்னான். அதையேதான் சொல்லிட்டிருந்தான்." லாரிக்காரர் தன் கைகளைப் பார்த்தார். "வர்ற வழியில உங்களப் பாத்தேனேம்மா. ஏத்திட்டே வந்திருப்பேன். கூடாதுன்னுட்டாங்க."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, இந்த வழக்கத்த நான் உண்டாக்கல. ஒரு அடி பட்ட நாள்ல இன்னொரு அடி வேணாமேன்னு பயந்தோம். கரடி நல்லா இருந்திருந்தா அவனே ஒத்துக்கிட்டிருக்க மாட்டான்."

அது உண்மைதான். "நீ மேல வந்தா எல்லாப் பயலும் சீட்டாடப் போயிடுவான்" என்று அவளிடமே எத்தனையோ முறை சொல்லிச் சிரித்தவர்தான் அவர். நல்லா இருந்தபோது.

மகள் கதவைவிட்டு முன்னால் வந்தாள். "சித்தப்பா, நாங்க வந்தா வேலைய நிறுத்தணும், அவ்வளவுதான? அப்பா அடியில கிடக்கறப்ப எவன் வேலை பாத்தான்?"

மூலையில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் மேஸ்திரியைப் பார்த்தான்.

"பக்கத்துச் சரிவுல பாத்தாங்க," என்றார் லாரிக்காரர். ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும்போல் இருந்தது அவருக்கு. "லோடு அன்னைக்கே போகணும்னாங்க. அவன இறக்கி விட்டுட்டு, நானே திரும்பப் போயி லோடு ஏத்தினேன்."

அம்மாவுக்குச் சங்கிலியருகில் நின்ற அந்த நேரம் முழுதும் மறுபடி காதில் கேட்டது. மேலே ரம்பங்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. அதைக் கேட்டுத்தான் அவள் மகளைத் தேற்றினாள். "பெருசா ஒண்ணும் இருக்காதுடி. வேலை நடக்குது பாரு."

அவளுக்கு அழுகை வரவில்லை. எங்கேயாவது இருக்கும் என்று கொஞ்சநேரம் தேடிப் பார்ப்பவளைப்போல் நின்றாள். "டீ ஆறுது, எடுத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவள் வீட்டைப் பூட்டினாள். எங்கே போகிறோம் என்று மகள் கேட்கவில்லை. தான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு, இன்று வரவில்லை என்று மட்டும் போன் செய்தாள்.

சங்கிலியருகில் காவல்காரர் எழுந்து வந்தார். "இன்னைக்கு வெட்டு நாளும்மா."

"சத்தம் கேக்குதே. தெரியும்."

"மேல போகக் கூடாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்ப்பா," என்றாள் அம்மா. சங்கிலி முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரு காலைத் தூக்கி வைத்தாள், பிறகு மற்ற காலை. ஒரு பகல் முழுக்க நின்ற இடத்திலிருந்து அந்தப் பக்கம் போக அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மகளும் தாண்டினாள். காவல்காரர் தடுக்கக் கையை நீட்டினார். தொடலாமா என்று தெரியாமல் கை பாதியில் நின்றது.

பாதை ஈரமாக இருந்தது. லாரிச் சக்கரத் தடத்திலேயே இருவரும் நடந்தார்கள். ஒரு திருப்பத்தில் சரிவு முழுவதும் திறந்துகொண்டது. வெட்டிய அடிமரங்கள் வெளுத்துத் தெரிந்தன. அவர் வாரம் முழுக்க இருந்த இடம் இதுதான் என்று அம்மா நினைத்தாள். வேறு எதுவும் தோன்றவில்லை.

முதலில் பார்த்தவன் தன் ரம்பத்தை நிறுத்தினான். பக்கத்தில் இருந்தவன் திரும்பினான், அவனும் நிறுத்தினான். மேஸ்திரி விசிலை ஊதிக் கையைத் தூக்கினார். மேல்சரிவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று எல்லாம் அடங்கின. கடைசி ரம்பம் ஓய்ந்தபோது, எங்கோ ஒரு நீரோடை ஓடுவது கேட்டது. ரம்பங்கள் தரையில் வைக்கப்பட்டன. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு விலகி நின்றார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை.

அம்மா மேஸ்திரியின் எதிரே வந்து நின்றாள்.

"நிறுத்த இவ்வளவு நேரந்தான் ஆகுமா அண்ணே?"

மேஸ்திரி விசிலை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். கொழுந்தன் மட்டும் கூட்டத்திலிருந்து வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "அண்ணன் கிடந்த இடம் இந்தப் பக்கம் அண்ணி," என்று சொல்லி, வழியில் கிடந்த கிளைகளை விலக்கியபடி முன்னால் நடந்தான்.