கீழே போனீர்களா?

எங்கள் மலையூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் என்று யார் வந்தாலும் லேபில் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். பதினைந்து நாளுக்குள் சமவெளிக்குப் போனீர்களா? போயிருந்தால் டெங்குப் பரிசோதனை. இல்லையென்றால் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த உயரத்தில் டெங்குக் கொசு வாழாது என்று இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த விதி. கொசு அதைப் படிக்கவில்லை.

அப்போதெல்லாம் இங்கே குளிரில் பல் தந்தியடிக்கும். இப்போது என் லேபில் ஃபேன் ஓடுகிறது, கம்பளிக் கடைக்காரர் ஐஸ்கிரீம் விற்கிறார். ரத்தம் வைக்கும் ஃபிரிட்ஜ் புழுக்கம் தாங்காமல் வியர்த்து வழிந்து, பின்னால் இருக்கும் தட்டில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். அந்தத் தட்டை நான் ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை.

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். பள்ளி விட்டதும் என் லேப் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அக்கா தையல் கடையை மூடிவிட்டு வந்து கூட்டிப்போவாள்.

ஒரு நாள் வாலு காலைச் சொறிந்துகொண்டே, “மாமா, கொசு கடிக்குது” என்றாள்.

“கொசுவா, இங்கயா? அது ஏதோ மலைப்பூச்சி.”

“கால்ல வெள்ள வெள்ளயா வரி இருக்கு மாமா.”

“பூச்சியோட கால எண்ணாத. கணக்கப் போடு.”

அதற்குப் பத்து நாள் முன்னால்தான், கீழேயிருந்து காய்ச்சலோடு வந்த லாரி டிரைவர் அதே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு டெங்கு என்று கண்டுபிடித்தவன் நான். பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் அக்கா வாலுவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. நான் ஃபார்மை எடுத்தேன்.

“பதினஞ்சு நாளுக்குள்ள கீழ போனீங்களா?”

“என்னடா தெரியாத மாதிரி கேக்குற?”

“ஃபார்ம்ல இருக்குக்கா. கேக்கணும்.”

“எங்கயும் போகல. எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டேன். பெட்டியில் பதினோரு டெங்கு டெஸ்ட் கிட் இருந்தன. அக்கா பிள்ளைக்கென்று ஒன்றைப் பிரித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நேர்மையானவன் என்ற பெயர் எனக்கு அவ்வளவு இனித்தது. உடம்பெல்லாம் வலிக்கிறது என்று வாலு அழுததால் வலி மாத்திரை கொடுத்தேன். டெங்கு என்றால் தொடவே கூடாத மாத்திரை. டெங்கு இல்லையென்றுதான் நானே முடிவு கட்டிவிட்டேனே!

ஐந்தாம் நாள் அக்கா போன் பண்ணினாள். குரலில் சிரிப்பு.

“ஜுரம் விட்டுடுச்சுடா!”

“நாந்தான் சொன்னேன்ல. நீதான் சும்மா பதறுன.”

டெங்கு கழுத்தைப் பிடிப்பது காய்ச்சல் விட்ட பிறகுதான். அது பாடமாகப் படித்தவனுக்குத் தெரியும், பீற்றிக்கொண்டிருந்தவனுக்கு மறந்துபோயிற்று. அன்று மாலையே கைகால் சில்லிட்டு, ரத்த வாந்தியோடு பிள்ளையைத் தூக்கிவந்தார்கள். டாக்டர் கத்தினார். நான் கிட்டைப் பிரித்தேன். இரண்டு கோடுகள் பளிச்சென்று விழுந்தன.

“ஊசி வலிக்கவே இல்ல மாமா” என்றாள் வாலு. மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று ஃபிரிட்ஜை நகர்த்தித் தட்டை இழுத்தேன். தண்ணீர் முழுக்கக் கொசுப் புழுக்கள் நெளிந்தன. கதவைச் சாத்திவிட்டு, தொட்டியில் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் திரும்ப வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சில நாள் கழித்து அக்கா வந்தாள். அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கணும்டா. அன்னிக்கு நான் கீழ போனோம்னு ஒரு பொய் சொல்லியிருந்தா?”

“டெஸ்ட் எடுத்திருப்பேன்கா.”

“பொழச்சிருப்பாளா?”

மாத்திரை, பதினோரு கிட், தட்டு எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டேன்.

“பொழச்சிருப்பா.”

அக்கா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். “இந்த வாய்க்கு ஒரு பொய் வரலையே! பெத்த பிள்ளைய நானே கொன்னுட்டேனேடா!”

நான் அவள் கையைப் பிடித்துத் தடுத்தேன். “விடுக்கா. உனக்கு எப்படித் தெரியும்?” என்று அவளை மன்னித்தேன்.