கோரா ஹெலிங்கின் மூன்று படங்களும் நீவெஸின் மூக்கும்

அந்த டிசம்பரில் கோரா ஹெலிங் நடித்த படங்கள் மூன்று அடுத்தடுத்து வருவதாக இருந்தன. ஒன்றில் ராணி, ஒன்றில் துப்பறியும் விதவை, மூன்றாவதில் இத்தாலியின் தென்கோடியில் இடிந்த வீட்டை வாங்கிக் குடியேறும் அமெரிக்கக்காரி. அமெரிக்காவில் அவள் சொந்தக்காரர்கள்கூட இதைக் கொண்டாடியிருப்பார்களா தெரியாது. ரோமில் கார்பதெல்லா பேட்டையில் கொண்டாடினார்கள். கோரா ஹெலிங் இத்தாலியத் திரையில் வாயைத் திறந்தால் வருவது, அதே பேட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நீவெஸ் பாகனெல்லியின் குரல்தானே.

இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். வெளிநாட்டு நட்சத்திரம் ஒவ்வொருவருக்கும் ஓர் இத்தாலியக் குரலை ஒதுக்கிவிடுவது அந்த நாட்டு வழக்கம். ஒதுக்கினால் ஒதுக்கியதுதான், கல்யாணத்தைவிடக் கெட்டியான முடிச்சு. நீவெஸைக் கட்டியவன் ஆறு வருடத்தில் போய்விட்டான். கோரா ஹெலிங் நிலைத்தாள்.

கோரா ஒட்டகச்சிவிங்கி மாதிரி நெடுநெடுவென்று இருப்பாள். நீவெஸுக்கு ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து கோணிய மூக்கு. அந்த மூக்கின் தயவால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சை இழுப்பாள். டப்பிங் இயக்குநர் ஒத்தாவியோ அதற்காகத் திட்டாத நாள் இல்லை.

"சூப்பு குடிக்காதம்மா. அவங்க ராணி. ராணி சூப்ப உறிஞ்ச மாட்டாங்க."

எவ்வளவு திட்டினாலும் பாதி மூச்சுகள் படத்தில் தங்கிவிடும்.

செப்டம்பரிலேயே அமெரிகோவின் காப்பிக்கடையில் நின்றுகொண்டு, "டிசம்பர்ல எனக்கு மூணு படம் ரிலீஸ்" என்று நீவெஸ் சொல்லிவிட்டாள். எனக்கு என்றாள், கவனியுங்கள். பக்கத்து வீட்டு நெய்யை எடுத்துத் தன் பந்தியில் பரிமாறுகிறோம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தேதான் பரிமாறினாள். அமெரிகோ சும்மா இருப்பானா? மூன்று போஸ்டர்களையும் வாங்கி வந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் 'எங்கள் நீவெஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று படம், பதினெட்டுப் பேர் நீவெஸோடு சேர்ந்து போவதென்று முடிவானது.

அக்டோபரில் ராணிக்கும் விதவைக்கும் பேசி முடித்தாள். மூன்றாவது படத்துக்கு அழைப்பு வரவில்லை. நவம்பர் பிறந்ததும் தானே ஒத்தாவியோவைக் கூப்பிட்டாள்.

"மூணாவது எப்போ?"

"முதல்ல உக்காரும்மா."

"நின்னுக்கிட்டேதான் இருபத்திரண்டு வருஷம் பேசியிருக்கேன். சொல்லுங்க."

"அந்தம்மா நம்ம பாஷைய கத்துக்கிட்டாங்களாம். அந்தப் படத்துல அவங்களே பேசிட்டாங்க. முழுசா." கொஞ்சம் இருமினார். "உன் மேல ஒரு குறையும் இல்ல."

குறையில்லை என்று யாராவது சொன்னால் குறையைத் தேடத் தொடங்குவது நீவெஸின் சுபாவம். தேடக் கஷ்டப்படவில்லை, முகத்தின் நடுவிலேயே இருந்தது. இதோடு விட்டுவிடுவாளா கோரா? அடுத்த படத்துக்கும், அதற்கடுத்த படத்துக்கும் தானே பேசிவிட்டால்? கோராவின் குரல் இல்லாவிட்டால் நீவெஸ் யார்? கறிக்கடை வரிசையில் பின்னால் நிற்கும் ஒரு குட்டைப் பெண்மணி. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், மூக்கை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு ஜனவரி ஒன்பதாம் தேதி நாள் வாங்கினாள்.

அமெரிகோவிடம் சொல்லிவிடவேண்டும் என்று தினமும் கடைக்குப் போனாள். போனால் அவன் மூன்றாவது போஸ்டரைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

"இங்க பாரு அமெரிகோ, அந்தப் படம் இருக்கே..."

"நம்ம தெற்குச் சீமை கதைதானே? என் பெண்டாட்டி ஊருக்குப் பக்கத்துலதான் எடுத்தாங்களாம். அத நீ எப்படிப் பேசியிருப்பன்னு பாக்கத்தான் அவ துடிச்சுக்கிட்டிருக்கா."

நீவெஸ் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை வைத்தே பிழைக்கிறவள் வேறு எதனால் கெடுவாள்?

ராணி படத்துக்குக் கைதட்டினார்கள். விதவை படத்துக்கு விசிலடித்தார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நீவெஸ் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். சந்தையில் காய்கறி விற்கும் அவளுடைய தோழி வாண்டா கோழிச்சாறோடு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நெத்தி சில்லுன்னு இருக்கு. பெரிய நடிகைன்னு நெனப்பாடி உனக்கு? எந்திரி, ரெண்டு மணி ஆட்டம்."

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நீவெஸ் வரிசையின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் வாண்டா, அந்தப் பக்கம் அமெரிகோவின் மனைவி. ஓடவும் வழியில்லை. கோரா வாயைத் திறந்ததும் அந்த அமெரிக்கக் கொச்சை அம்பலமாகும், பதினெட்டுத் தலைகளும் தன் பக்கம் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

திரையில் கோரா ஹெலிங்கிடம் வீட்டுத் தரகன் ஏதோ கேட்டான்.

"ஸ்ஸ்."

தான்தான் மூச்சிழுத்துவிட்டோம் என்று நினைத்து நீவெஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லை, திரையிலிருந்து வந்தது. அடுத்த கேள்விக்கும் 'ஸ்ஸ்' வந்தது, அப்புறம்தான் பதில். வார்த்தைகளில் அமெரிக்க மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது, ஆனால் இழுப்பு நீவெஸுடையது. "பொறுமை, பொறுமை" என்று கோரா சலித்துக்கொண்ட விதம், பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய படத்தில் நீவெஸ் பேசியது. அன்று சாப்பாடு வரத் தாமதமாகிவிட்டது, அந்தச் சலிப்பில் பேசியது. ஒத்தாவியோகூட அதைப் பெரிய நடிப்பு என்று பாராட்டினார்.

இந்தப் பெண் தன்னுடைய படங்களையே இத்தாலிய மொழியில் போட்டுப் போட்டுக் கேட்டுத்தான் பாஷையைக் கற்றிருக்கிறாள். இத்தாலிய மொழியை மூக்கில் ஒரு மூச்சை இழுத்துவிட்டுத்தான் பேசவேண்டும், இலக்கணமே அப்படித்தான் என்று நம்பியிருக்கிறாள். நீவெஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள்.

இடைவேளையில் வாண்டா தொடையில் ஒன்று வைத்தாள்.

"மூணுலயும் இதுதான்டி நல்லா இருக்கு. அந்த வெளிநாட்டுக்காரி கொழகொழன்னு பேசுவாளே, அச்சா அப்படியே பேசுறியே. எங்கடி கத்துக்கிட்ட?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நீவெஸ் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டாள்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கினால் கிளம்பிவிடுவது உலக வழக்கம். இருபத்திரண்டு வருடமாக நீவெஸின் பெயர் காலி நாற்காலிகளுக்கு முன்னால்தான் ஓடியிருக்கிறது. அன்று பார்த்து அமெரிகோ எழுந்து வழியை மறித்துக்கொண்டான்.

"ஒருத்தரும் எந்திரிக்கப்படாது. நீவெஸ் பேரு வரட்டும், கைதட்டிட்டுப் போவோம்."

"கால் மரத்துப் போச்சு, போலாம்" என்றாள் நீவெஸ். யாரும் கேட்கவில்லை. விளக்கு போடுகிறவர், சமையல்காரர், குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர் என்று ஊரே ஓடியது. கடைசியில் குரல்கள் வந்தன. 'கோரா ஹெலிங்கின் குரல்: கோரா ஹெலிங்.'

தட்டுவதற்காகத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. முதலில் வாண்டாவுக்குத்தான் பேச்சு வந்தது.

"அநியாயத்தப் பாத்தீங்களா? தொண்டத்தண்ணி வத்தப் பேசுனது இவ. பேரு அவளுக்காமே."

"மேனேஜர் எங்க?" என்றான் அமெரிகோ.

நீவெஸ் எழுந்து நின்றாள். "ஸ்ஸ். அது நான் இல்ல. நெசமாவே அவங்கதான் பேசுனாங்க. ஒன்றரை மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன். வெக்கமா இருந்துச்சு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அமெரிகோ குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வெளிய சொல்லக்கூடாதுன்னு மிரட்டுறாங்களா?"

"இல்லப்பா. சத்தியமா நான் இல்ல."

"போடி இவளே," என்றாள் வாண்டா. "உன்கூட முப்பது வருஷமாப் பழகுறேன். உன் மூச்சு எனக்குத் தெரியாதா?"

பதினெட்டுப் பேரும் மேனேஜரைத் தேடிப் போனார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை நீவெஸ் உண்மையைச் சொன்னாள், அதையும் நடிப்பென்று தள்ளிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, மூக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், ஒன்பதாம் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். மறுமுனையில் இருந்த பெண் தயங்கினாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. நேத்துதான் கோரா ஹெலிங்கோட அந்த இடிஞ்ச வீட்டுப் படம் பாத்தேன். நீங்க பேசுறது அப்படியே அவங்கள மாதிரி இருக்கு."

"ஸ்ஸ். அப்படியா?"

"ஆமா மேடம். ஆனா அந்த மூச்சு இழுக்கறது மட்டும் அவங்களுக்கு இன்னும் இயல்பா வருது. நீங்க கொஞ்சம் பழகணும்."

பழகிக்கொள்வதாக நீவெஸ் அவளுக்கு வாக்குக் கொடுத்தாள்.